கக்கத்தில் இருந்த மஞ்சள் கவுன்

மேற்குத் தாம்பரத்தில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில், காணாமல் போன என் மகள் மஞ்சள் கவுன் போட்டிருக்கிறாள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னேன். அறிவித்தார்கள். மூன்று மாடியிலும் கேட்டது. அப்போது அந்த மஞ்சள் கவுன் என் இடது கக்கத்தில் இருந்தது.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதும்போதே உள்ளங்கை வியர்க்கிறது.

மகளுக்குத் திங்கட்கிழமை ஒன்பது வயது நிறைகிறது. பிறந்தநாள் அன்று மட்டும் அவள் பள்ளிக்கூடத்தில் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போகலாம். அதற்கும் ஒரு சுற்றறிக்கை உண்டு. கை வைத்திருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், வலைத்துணி கூடாது, ஜிகினா கூடாது. வழக்கமாக இதையெல்லாம் என் மனைவிதான் பார்ப்பாள். அந்தச் சனிக்கிழமை சிறுசேரியில் அவள் ஆபீஸில் ஏதோ அவசர வேலை என்று கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், அதாவது எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி செம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்பவன், நான்தான். "ஒரு டிரஸ் எடுக்கறது என்ன பெரிய விஷயமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லைதான். அப்ப நீங்களே எடுத்துட்டு வாங்க. விலையப் பாத்து எடுங்க. அடுத்த வருஷம் பத்தாது" என்றாள்.

கடையில் குழந்தைகள் பிரிவு இரண்டாவது மாடி. அங்கே விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும்.

"பாப்பாக்கு என்ன சைஸ் சார்?"

எனக்குத் தெரியவில்லை. வயது தெரியும், ரத்த வகை தெரியும், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று தெரியும். உடம்பு அளவு தெரியாது. என் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். "இந்தப் பட்டன் வரைக்கும் வருவா. மேல இருந்து நாலாவது."

"அப்பா, நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள் மகள், பக்கத்தில் இருந்து.

விற்பனைப் பெண் அவளை நிமிர்த்தி நிறுத்தி, தோளில் ஒரு சட்டையை வைத்துப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். மகளுடைய உச்சந்தலை மூன்றாவது பட்டனில் இருந்தது. எப்போது ஒரு பட்டன் ஏறினாள் என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த முதல் பயம் அதுதான். சின்னப் பயம்.

இரண்டாவது பயத்தைத் துணிகள் கொடுத்தன. ஒரு கம்பியில் ஆறு வயது வரைக்குமான கவுன்கள். எல்லாவற்றிலும் கரடிபொம்மை, வயிற்றில் ரோஜாப்பூ, முதுகில் ஒரு பெரிய முடிச்சு. அதற்கு அடுத்த கம்பியிலேயே தோள்பட்டையில் ஓட்டை விட்ட சட்டைகள், தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடுகிற சட்டைகள், நெஞ்சில் இங்கிலீஷில் ஏதேதோ எழுதிய பனியன்கள். அதில் ஒன்றைப் படித்துவிட்டு, மகள் கண்ணில் படாமல் வேறொரு பனியனுக்கு அடியில் சொருகினேன். இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளிகூட இல்லை. ஒன்பது வயது என்று ஒன்று இருப்பதே இந்தத் துணி தைக்கிறவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. கரடிபொம்மையிலிருந்து இறக்கிவிட்டால் நேராகக் கல்லூரி வாசல்தான்.

"ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துடுங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். "இந்த வயசுலதான் சடார்னு வளந்துடுவாங்க."

"சடார்னா?"

"சடார்னுதான் சார். நீங்க பாத்துகினே இருப்பீங்க, வளந்துடும்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பாக்கெட் இருக்க வேண்டும். வகுப்பில் பையன்களுக்கெல்லாம் இரண்டு பாக்கெட் இருக்கிறதாம். ரப்பர், சாக்லெட், கீழே கிடந்து எடுத்த ஒரு ஸ்க்ரூ, எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொள்கிறார்களாம். பெண் பிள்ளைகள் உடையில் பாக்கெட் மாதிரி ஒரு கோடு தைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கவுனையும் எடுத்து, கோட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்து, "ஃப்ராடு" என்று திரும்ப மாட்டினாள். முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் தள்ளுபடிக் கூடைக்குள் தலையைவிட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினாள். பருத்தி. முழங்கைவரை கை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். இரண்டு பக்கமும் நிஜமான பாக்கெட். விலையும், நான் இரண்டு முறை திருப்பிப் பார்க்கிற அளவுக்குக் குறைவு.

"நீலம் சூப்பரா இருக்குப்பா" என்றாள்.

"இது பச்சைம்மா."

"நீலம்ப்பா."

"மயில் கழுத்து கலர் சார்" என்று விற்பனைப் பெண் சமரசம் பேசினாள். மயில் கழுத்து என்பது புடவைக்கடைக்காரர்கள் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்கக் கண்டுபிடித்த நிறம்.

அம்மாவைக் கேட்டுவிடலாம் என்று மகள் என் போனை வாங்கிக்கொண்டாள். போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. உடை மாற்றும் அறைக்குள் போய், போட்டு வந்த மஞ்சள் கவுனைக் கழற்றி, திரைக்கு மேலே என்னிடம் வீசினாள். நான் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் மரியாதை என்னைக் கெடுத்தது. உடை மாற்றும் அறைகள் நான்கும் பெண்களுக்கானவை. ஒரு ஐம்பது வயது ஆள் அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது. அதனால் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. 'துணிகள் ஏழு நாட்களுக்குள் மாற்றித் தரப்படும். பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' எதையாவது படிக்கக் கொடுத்துவிட்டால் எனக்கு உலகம் மறந்துபோகும். மாற்றித் தரப்படும், திருப்பித் தரப்பட மாட்டாது. இதிலே ஒரு கட்டுரைக்கு விஷயம் இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

திரும்பியபோது திரை விலகியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. கண்ணாடியில் நான்தான் தெரிந்தேன்.

"இந்த ரூம்ல இருந்த பாப்பா?"

விற்பனைப் பெண் கவுன்களை மடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "அது அப்பவே வந்துடுச்சே சார். உங்ககிட்டதான் ஏதோ சொல்லிகினு இருந்தது."

என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கம்பிகளுக்கு நடுவில் குனிந்து பார்த்தேன். கூடைக்குப் பின்னால் பார்த்தேன். மாடிப்படியில் மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி. கழிவறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வேறு யாரோ உள்ளே இருந்து, "இங்க யாரும் இல்ல" என்றார்கள். கீழ்த்தளத்துக்கு இறங்கி ஓடினேன்.

பில் போடுகிற இடத்தில் மைக் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் நிதானமான மனிதர்.

"பாப்பா எப்படி இருக்கும் சார்?"

முப்பது வருடமாக எழுதுகிறேன். மழையை ஒரு பக்கம் வர்ணித்திருக்கிறேன். ஒரு பழைய குடையைப் பற்றி ஆறு பக்கம். அந்த நேரத்தில் என் மகளைச் சொல்ல ஒரு வரி வரவில்லை.

"என்னை மாதிரி இருப்பா" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "டிரஸ்ஸ சொல்லுங்க சார்" என்றார்.

"மஞ்சள் கவுன்."

அறிவித்தார். ஒன்பது வயசு, மஞ்சள் கவுன், பார்க்கிறவர்கள் பில் கவுன்ட்டருக்கு அழைத்து வரவும். இரண்டாவது முறை சொல்லும்போது மாடியிலிருந்து இறங்கி வந்த விற்பனைப் பெண் என் கையைப் பார்த்தாள்.

"சார், இது இன்னா?"

குனிந்து பார்த்தேன். கக்கத்தில் மஞ்சள் கவுன்.

"அப்ப பாப்பா என்ன போட்டுகினு கீது?"

"பச்சை" என்றேன். "இல்ல, நீலம். அந்த... மயில் கழுத்து."

மைக்கில் அதையும் சொன்னார்கள். கடைக்குள் இருந்த பாதிப் பேர் மயில் கழுத்து நிறத்தில்தான் ஏதோ உடுத்தியிருந்தார்கள்.

மனைவிக்குச் சொல்லலாம் என்றால் அவள் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அதற்காக அந்த நிமிடத்திலும் மனதின் ஒரு ஓரத்தில் நிம்மதிப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் என்னவென்று சொல்வது? என் சொந்த எண் தெரியும். போன் மகளிடம்தானே இருக்கிறது. விற்பனைப் பெண் தன் போனில் போட்டாள். மணி அடித்தது. இரண்டு, மூன்று.

கட் ஆனது.

"யாரோ கட் பண்றாங்க சார்."

மறுபடி போட்டாள். இந்த முறை முதல் மணியிலேயே கட் ஆனது. மூன்றாவது முறையும் அதேதான்.

அடிக்கிற போனை ஒருவர் எடுக்காமல் இருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். காணாமல் போன குழந்தையின் கையில் இருந்த போனை யாரோ மூன்று முறை அணைக்கிறார்கள் என்றால் ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றியது. காலை நேரத்தில் காபியோடு படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிவிடுகிற செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. காதில் ஒரு இரைச்சல். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது எங்கோ கிணற்றுக்குள் கேட்டது.

வாசலில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரும்போது எங்கள் பையைப் பிடுங்கி டோக்கன் கொடுத்தவர். "பில் இல்லாம ஒரு கர்சீப்கூட என்னத் தாண்டாது சார்" என்று பெருமையாகச் சொன்னவர்.

"சின்னப் பொண்ணு ஒண்ணு தனியா வெளிய போச்சா?"

"தனியாவா? நான் எதிர்த்தாப்ல காருக்கு ரிவர்ஸ் காட்டிகினு இருந்தேனே சார்..." என்றவர் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். அவர் முகமும் வெளுத்தது. "இன்னா சார், உங்க பாப்பாவா?"

நான் தெருவில் இருந்தேன். எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தாம்பரம் கடைத்தெருவில் ஒரு ஆள் நடப்பதே சிரமம். நான் ஓடினேன். ஸ்டேஷன் பக்கம் ஓடுவதா, எதிர்ப் பக்கம் ஓடுவதா என்று தெரியாமல் முதலில் ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். எலக்ட்ரிக் ட்ரெயின் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால், செங்கல்பட்டு, கடற்கரை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். திரும்பி இந்தப் பக்கம் ஓடினேன். பெருங்களத்தூர் பக்கம் போகிற பஸ் ஒன்று முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அதன் ஜன்னல்களில் எல்லாம் குழந்தை முகங்கள் இருந்தன. ஒன்றும் அவளுடையது இல்லை.

உயரத்தை வைத்துத்தான் தேடினேன். எதிரே வருகிற ஒவ்வொரு சிறுமிக்கும் பக்கத்தில் போய், மூன்றாவது பட்டனுக்கு வருகிறாளா என்று குனிந்து பார்த்தேன். இவ்வளவு பேர் மூன்றாவது பட்டனுக்கு வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

"தே, நில்லு."

தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா. வண்டி நிறைய ஹேர் கிளிப், ரப்பர் பேண்ட், குழந்தை நைட்டி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வழியை மறித்தார்.

"யாருய்யா நீ? ரெண்டு வாட்டியா பாக்கறேன். சின்னப் பசங்களா பாத்துகினு பின்னாடியே ஓடிகினு கீற. கையில பொண்ணு துணி வேற. இன்னா மேட்டரு?"

நான் கையில் இருந்ததைப் பார்த்தேன். இன்னும் அந்த மஞ்சள் கவுன். மூச்சு வாங்கியது. "என் பொண்ணு... என் பொண்ணக் காணும்."

"உன் பொண்ணா? இன்னா டிரஸ் போட்டுகினு கீது, சொல்லு பாப்போம்."

சுற்றிலும் நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கி என்னைப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

"பச்சை" என்றேன்.

"நீலம்ப்பா!"

குரல் அந்த அம்மாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் சற்று நகர்ந்தார். வண்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த ஒரு பெட்டிமேல் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாக மாலை வெயில் சாய்ந்து, அந்தத் தெருவிலேயே அந்த ஒரு இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் நின்று போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, இந்த ஆளு யாரு?"

"எங்க அப்பா."

"நல்லாப் பாத்து சொல்லு."

மகள் நல்லாப் பார்த்தாள். "எங்க அப்பாதான் ஆன்ட்டி" என்றாள்.

நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்டால், வெயில் கண்ணில் பட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். நான் உட்கார்ந்த இடத்தில் வெயிலே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். படத்தைப் பார்த்த என் மனைவி சிறுசேரியிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். "ட்யூப் லைட்ல ஒண்ணும் தெரியலடி. வெளியில வெயில்ல நின்னு எடுத்து அனுப்பு." துணி எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது அவள் பழக்கம். அவள் அம்மாவின் பழக்கமும்கூட. வழக்கமாகத் துணியை மட்டும் கொண்டுபோவாள். இந்த முறை துணிக்குள் என் மகள் இருந்தாள். கடை வாசலில் வெயில் இல்லை. வெயில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே நடந்து, நூறு அடி தள்ளி இந்தச் சந்து வெயிலை மகள் கண்டுபிடித்திருக்கிறாள்.

"சொல்லிட்டு வர மாட்டியா?" என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"சொல்லிட்டுத்தானே வந்தேன். வெயில்ல பாத்துட்டு வரேன்னேன். நீங்க போர்டு படிச்சுக்கிட்டே 'ம்'ன்னீங்க."

அது என் 'ம்' தான். இருபது வருடமாக வீட்டில் பேர் வாங்கிய 'ம்'.

"போன் அடிச்சுதே, ஏன் எடுக்கல?"

"தெரியாத நம்பர் எடுக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு வாட்டி வந்துது. மூணு வாட்டியும் கட் பண்ணிட்டேன்" என்றாள். பாராட்டை எதிர்பார்த்து என்னைப் பார்த்தாள்.

அந்தக் கால் மணி நேரமும் அவள் வரிசையாகப் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தவளுக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்ற எனக்குத் தெரியாது.

தள்ளுவண்டி அம்மா என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். "குடி. மூஞ்சப் பாரு, பேய் அறைஞ்சாப்ல. தனியா வந்து நின்னுச்சு, அதான் பெட்டி மேல ஏத்தி வச்சிகினு இருந்தேன். பொண்ணு ஷார்ப்பாதான் கீது. உன்னதான் தனியா அனுப்பக் கூடாது."

நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வராததால் ஒரு டஜன் ஹேர் கிளிப் வாங்கினேன். மகளுக்குக் காதுவரை வெட்டிய முடி.

கடைக்குத் திரும்பினோம். அவள் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், "வலிக்குதுப்பா" என்று இரண்டு முறை சொன்னாள். வாசலில் காவலாளி விலைச்சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு பக்கத்தில் வந்து, "சார், டிரஸ்ஸோட வெளிய பூடுச்சுன்னு மேனேஜராண்ட சொல்லிக்காதீங்க. வேல பூடும்" என்றார். மேனேஜரிடம் நான் சொல்லவில்லை. உள்ளே ஒலிபெருக்கி இன்னும் மயில் கழுத்துச் சிறுமியைத் தேடிக்கொண்டிருந்தது. போட்டிருந்த உடையோடே பில் போட்டோம். ட்யூப் லைட்டில் அது மறுபடியும் பச்சையாகிவிட்டது. நீலம் என்றே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஒரு பாக்கெட்டில் சாக்லெட், இன்னொன்றில் ஒரு ஸ்க்ரூ.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். அவளை எங்கே கூட்டிப்போனாலும், செருப்பு மாட்டுவதற்கு முன்னால் வாசலில் நிறுத்தி, தலை முதல் கால்வரை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். என்ன நிறம், எவ்வளவு உயரம், முடி எப்படி, எல்லாம் அதில் இருக்கிறது. இனி எந்த மைக்குக்கு முன்னாலும் நான் விழிக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதை மனைவியிடம் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். பயத்திலிருந்து ஒரு முறையான ஏற்பாடு பிறந்திருக்கிறது என்கிற மாதிரி.

அவள் கேரட் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"நல்ல ஐடியாதான்" என்றாள். "ஆனா கடைக்குள்ள போனதும் அந்த போன அவகிட்டதானே குடுக்கறீங்க?"